வெற்றுப் பக்கத்துக்கு எதிரே ஒரு கையெழுத்து

சில ஆண்டுகளுக்கு முன், அக்டோபர் 2 அன்று எங்கள் ஊர்க் கிராம சபையில் தீர்மானப் புத்தகம் என் கைக்கு வந்தபோது, வலப்பக்கத்தில் கையெழுத்துகளும் பெருவிரல் ரேகைகளும் நிறைந்திருந்தன; இடப்பக்கத்தில் ஒரு வரிகூட இல்லை. "கையெழுத்துப் போடுங்க சார், தீர்மானத்தை அப்புறம் எழுதிக்குவோம்" என்றார் செயலர். எங்கள் ஊரின் மக்கள்தொகை மூவாயிரத்துக்குள் என்பதால் குறைவெண் வரம்பு, அதாவது கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது வர வேண்டியவர்கள், 100 பேர். அந்த எண்ணிக்கை சேர்ந்ததா என்பதே அவருக்கு இருந்த கவலை. நானும் கையெழுத்திட்டேன். இன்றுவரை அதற்காக வெட்கப்படுகிறேன்.

மறுநாளே பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இன் பிரிவு 6(1)இன்கீழ் மனு அனுப்பினேன். இந்த மனுவில் பலரும் செய்யும் பிழை, "ஏன் தூர்வாரவில்லை?" என்று காரணம் கேட்பது. அலுவலகத்தில் பதிவாக உள்ளதைத் தருவதே சட்டம் சுமத்தும் கடமை; விளக்கம் எழுதித் தரும் கடமை இல்லை என்று எளிதாகத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆகவே ஆவணங்களின் பெயரைச் சொல்லியே கேட்டேன்: அன்றைய தீர்மானங்களின் நகல், சபையில் வைத்த வரவு செலவு அறிக்கை, ஓடை தூர்வாரியதாகச் சொன்ன பணியின் நீள அகலங்களைப் பதியும் அளவுப் புத்தகம், அதாவது அலுவலக வழக்கில் 'எம்-புக்'. நகல் தர மனமில்லை என்றால் நேரில் பார்வையிட்டுக் குறிப்பெடுக்கவும் பிரிவு 2(ஜெ) இடம் தருகிறது என்பதையும் கடைசி வரியில் சேர்த்திருந்தேன்.

முப்பது நாள் கடந்தும் பதிலில்லை. முதல் மேல்முறையீடு செய்த பிறகு, டிசம்பரில் ஒரு தடித்த உறை வந்தது. காலக்கெடு தவறினால் நகலுக்குக் கட்டணம் வாங்கக் கூடாது என்பதால் பக்கத்துக்கு இரண்டு ரூபாய் கேட்கவில்லை. தீர்மானங்கள் மொத்தம் பதினான்கு. அவற்றில் மூன்று, கூட்டத்தில் யார் வாயிலிருந்தும் வராதவை. அந்த மூன்றில் ஒன்று, ஓடை தூர்வாரிய செலவுக்கு நாங்கள் 'ஏகமனதாக' ஒப்புதல் அளித்ததாகச் சொன்னது.

2005 சட்டத்துக்கு எட்டாண்டு முன்பே, 1997இல், தமிழ்நாடு தனக்கெனத் தகவல் உரிமைச் சட்டம் இயற்றியது. ஆனால் விதிவிலக்குகள் மிகுந்த அச்சட்டம் பெயரளவில்தான் முன்னோடி. உயிருள்ள முன்மாதிரி ராஜஸ்தானில்தான் கிடைக்கும். 1994 டிசம்பரில் கோட் கிரானா என்னும் சிற்றூரில் மஜ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்னும் தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு நடத்திய மக்கள் விசாரணையில், வேலைக்கான வருகைப் பட்டியலும் பில்களும் ஊரார் முன் உரக்கப் படிக்கப்பட்டன. எழுத்தறியாதவருக்கும் தம் பெயரில் யார் கூலி வாங்கியது என்பது காதில் விழுந்தது. நகல் ஒருவர் வீட்டு அலமாரியில் இருப்பதற்கும் ஊர் நடுவில் ஒலிப்பதற்கும் உள்ள தொலைவை நான் அதிலிருந்துதான் புரிந்துகொண்டேன்.

ஜனவரி 26 கூட்டத்தில் அந்த உறையோடு எழுந்து, ஓடைத் தீர்மானத்தையும் எம்-புக்கில் இருந்த நீள அகலத்தையும் படித்தேன். தண்ணீர்ப் பந்தல் ஓரம் உட்கார்ந்திருந்த ஆயா ஒருவர், "அந்த ஓடையில நேத்துதாம்பா கருவேல முள்ளு வெட்டினேன், அதை எப்ப வாருனீங்க?" என்று கேட்டார். செயலர் பதில் சொல்லவில்லை. எழுதி முடித்துப் படித்துக் காட்டாமல் கையெழுத்திட மாட்டோம் என்று முதலில் நான்கைந்து பேரும் பிறகு ஏறக்குறைய எல்லாருமே சொல்ல, கூட்டம் மேலும் ஒரு மணி நேரம் நீண்டது, தேநீர் ஆறிப்போனது. ஒன்பது தீர்மானங்கள் எழுதப்பட்டன. ஒன்பதாவது, ஓடையை மறு அளவீடு செய்யக் கோருவது. அதற்குக் கீழே மிச்சமிருந்த வெற்றிடத்தில், அடிக்கோல் கிடைக்காததால் சற்றே வளைந்த ஒரு குறுக்குக்கோட்டைச் செயலரே இழுத்தார். அதன் பிறகுதான் புத்தகம் கைமாறத் தொடங்கியது.