சிக்ரியில் கட்டிய கயிறு

ஃபதேபூர் சிக்ரியில், சூஃபி மகான் சலீம் சிஷ்தியின் தர்காவில், பளிங்குச் சன்னலில் கயிறு கட்டும்போது அம்மாவின் விரல்கள் நடுங்கின. தங்கைக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம். இரண்டு முறை உண்டாகியும் தங்கவில்லை. மதுராவும் பிருந்தாவனமும் முடிந்ததும் ஊர் திரும்புவதாகத்தான் இருந்தோம். "சிக்ரிக்கும் ஒரு எட்டு போயிட்டு வந்துடலாம்டி, பிள்ளை வரம் கொடுக்கிற மகானாம்" என்று அம்மாதான் பிடிவாதமாக அழைத்து வந்தாள்.

ஆக்ராவிலிருந்து ஏறத்தாழ 37 கிலோமீட்டர். புலந்த் தர்வாஜா என்ற பெரிய நுழைவாயிலின் படிகளில் மூச்சு வாங்க ஏறி, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனால், செங்கல் நிறக் கற்களுக்கு நடுவே அந்த வெள்ளைச் சமாதி. தலையில் முக்காடிட்டு, ரோஜா இதழ்களைத் தூவி, சல்லடை போல் குடைந்த பளிங்கில் சிவப்புக் கயிற்றை முடிந்தோம். பக்கத்தில் ஒரு பாட்டி வாய்விட்டு அழுதுகொண்டிருந்தார். அவர் பாஷை எங்களுக்குப் புரியவில்லை. அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அக்பருக்கும் பிறந்த குழந்தைகள் தங்கவில்லை. மகானிடம் வந்து வேண்டினார். ஆம்பேர் அரசர் பார்மலின் மகளை அவர் மணந்தது 1562இல். அவள் கருவுற்றதும் அரண்மனையில் வைத்திருக்காமல் மகானின் இருப்பிடத்துக்கே அனுப்பினார்கள். நாம் தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு அனுப்புவோம் அல்லவா, அந்த ராஜபுத்திரப் பெண்ணுக்கு ஒரு சூஃபியின் வீடு தாய் வீடானது. 1569 ஆகஸ்ட் 31 அன்று ஆண் குழந்தை. மகானின் பெயரையே சலீம் என்று வைத்தார்கள். ஆனால் அக்பர் மகனை அந்தப் பெயரால் கூப்பிட்டதே இல்லையாம், 'ஷேக்கு பாபா' என்றுதான் அழைப்பார். அடுத்த வருடம் வேண்டுதலை நிறைவேற்ற ஆக்ராவிலிருந்து அஜ்மீர் தர்கா வரை நடந்தே போனார்.

எனக்கு அங்கே மனசில் நின்றது பேரரசர் அல்ல. குழந்தைக்குப் பால் கொடுத்தவள் மகானின் மகள். பிற்காலத்தில் ஜஹாங்கீர் என்ற பேரரசராகிவிட்ட அந்தச் சலீம், அவள் இறந்தபோது பாடையைத் தன் தோளில் கொஞ்ச தூரம் சுமந்தார். பெற்ற தாயைவிட அவளிடமே தனக்குப் பற்று அதிகம் என்று தன் நினைவுக்குறிப்பில் அவரே எழுதியிருக்கிறார்.

அப்புறம் ருகையா பேகம். அக்பரின் முதல் மனைவி, அவருடைய சித்தப்பா ஹிந்தாலின் மகள். கடைசிவரை பிள்ளை இல்லை. ஜஹாங்கீருக்குக் குர்ரம் பிறந்ததும் அக்பர் அந்தப் பேரனை ருகையா கையில் கொடுத்து வளர்க்கச் சொன்னார். தான் பெற்றிருந்தால் காட்டும் பாசத்தைவிட ஆயிரம் மடங்கு வைத்தாளாம். அந்தக் குர்ரம்தான் ஷாஜகான்.

அரண்மனைப் பகுதியில் 'ஜோதா பாய் மாளிகை' என்று ஒன்றைக் காட்டுவார்கள். சலீமைப் பெற்ற அக்பரின் மனைவிக்கு அந்தப் பெயர் அந்தக் காலத்து நூல்களில் இல்லை. அவருடைய பட்டம் மரியம் உஸ் ஸமானி. ஜோத்பூர் இளவரசி அவருக்கு மருமகளாக வந்தவள்தான், குர்ரமைப் பெற்ற ஜகத் கோசாயி. மாமியார் மருமகள் பெயர்கள் ஒன்றாகக் கலந்துவிட்டது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. ஏனென்றால் மரியம் சாதாரணப் பெண்மணி இல்லை. ஹஜ் பயணிகளை ஏற்றிச் சென்ற 'ரஹீமி' கப்பல் அவருடையது. 1613இல் போர்த்துக்கீசியர் அதைப் பிடித்தபோது தாய்க்காக மகன் கொதித்தெழுந்தார்.

சாயங்காலம் ஆக்ரா அருகே சிக்கந்தராவில் மரியத்தின் சமாதிக்குப் போனோம். அக்பர் சமாதியில் அவ்வளவு கூட்டம், சற்றுத் தள்ளியிருக்கும் இங்கே எங்களைத் தவிர யாருமில்லை. மேலே குவிமாடம் கிடையாது. 1623இல் இறந்தவருக்கு மகன் ஜஹாங்கீர் அமைத்த இடம். தர்காவிலிருந்து கொண்டுவந்த இதழ்கள் அம்மாவின் முந்தானையில் மிச்சமிருந்தன. அவற்றை அங்கே வைத்துக் கும்பிட்டாள்.

நாள் முழுக்க அதிகம் பேசாமல் வந்த தங்கை வெளியே வந்து படியில் உட்கார்ந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அக்கா, அந்த ருகையா கதையை இன்னொரு தடவை சொல்லேன்" என்றாள்.