பதினொன்று பத்து

எதிரே ஒரு வெள்ளைத்தாளையும் பென்சிலையும் வைப்பேன். "ஒரு கடிகாரம் வரையுங்க. எண்களெல்லாம் போடுங்க. முள் பதினொன்று பத்தைக் காட்டணும்." நினைவாற்றல் பிரிவில் உளவியல் சோதனைகள் செய்வது என் வேலை. மருத்துவர் ஸ்கேனைப் பார்ப்பார், நான் இந்தத் தாளைப் பார்ப்பேன்.

அந்த நேரத்தைச் சொல்வதில் ஒரு சின்னப் பொறி இருக்கிறது. பத்து நிமிடத்தைக் காட்டப் பெரிய முள் 2-க்குப் போக வேண்டும். ஆனால் காதில் விழுந்த சொல் 'பத்து'. கண்ணெதிரே 10 என்ற எண்ணும் இருக்கிறது. மூளையின் முன்பகுதி நன்றாக இருந்தால் அந்த இழுப்பை அடக்கிக்கொண்டு 2-க்குப் போகும். தளர்ந்திருந்தால் முள் 10-இல் போய் உட்கார்ந்துவிடும்.

சில வருடங்களுக்கு முன் பெரிய நிறுவனம் ஒன்றின் தலைவர் வந்தார். (அடையாளம் தெரியாமலிருக்கச் சிலவற்றை மாற்றித்தான் எழுதுகிறேன்.) நல்ல உடை, நல்ல குரல், கை குலுக்கியதும் பிடித்துப்போகும் மனிதர். கூட வந்தது மனைவியோ பிள்ளைகளோ இல்லை, அவருடைய செயலாளர். "இன்னைக்கு என்ன தேதி சார்?" என்று கேட்டேன். "அதைச் சொல்றதுக்குத்தானே இவருக்குச் சம்பளம் கொடுக்கிறேன்" என்று செயலாளர் பக்கம் திரும்பினார். நானும் சிரித்துவிட்டேன். அடுத்த கேள்விக்குப் போன பிறகுதான் உறைத்தது, தேதி வரவே இல்லை. இப்படிக் கூட வந்தவரைத் திரும்பிப் பார்ப்பதே எங்களுக்கு ஓர் அறிகுறி. தெரிந்திருந்தும் அன்று ஏமாந்தேன்.

செயலாளரை வெளியே அனுப்பிவிட்டுக் கடிகாரம் வரையச் சொன்னேன். அழகான வட்டம், எண்களெல்லாம் அதனதன் இடத்தில். பெரிய முள் 10-இல் நின்றது.

பிறகு செயலாளரிடம் தனியாகப் பேசினேன். "வயசானா வர்ற மறதிதான் மேடம்" என்றுதான் ஆரம்பித்தார். அரைமணி நேரம் ஆனதும் ஒவ்வொன்றாக வந்தது. கூட்டங்களில் தலைவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்து, வருகிறவர்கள் பெயரைக் காதோடு சொல்வது. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சில் புள்ளி. காலையில் சொன்ன உத்தரவை மாலைவரை யாருக்கும் அனுப்பாமல் வைத்திருப்பது, ஏனென்றால் மாலையில் நேர்மாறான உத்தரவு வரலாம். இரண்டு வருடமாக இப்படி. "அப்போ முடிவெடுக்கிறது யாரு?" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "சார்தான் எடுக்கிறார். நான் எடுத்துக் கொடுக்கிறேன்."

அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் எடித் வில்சன்தான் மனதில் ஓடினார். 1919 அக்டோபர் 2 அன்று அமெரிக்க அதிபர் உட்ரோ வில்சனுக்குப் பக்கவாதம் வந்து இடப்பக்கம் செயலிழந்தது. அவருக்கு ஓய்வு வேண்டும் என்று மட்டும் நாட்டுக்குச் சொன்னார்கள். எந்தக் கோப்பு அதிபரின் கட்டிலுக்குப் போகலாம், எது திரும்பிப் போக வேண்டும் என்பதை மனைவி எடித் தீர்மானித்தார். அதிபரால் பணியாற்ற முடியவில்லை என்று எழுதித் தர மருத்துவர் கிரேசன் மறுத்தார். துணை அதிபர் மார்ஷல் ஒதுங்கிக்கொண்டார். அமைச்சரவையைக் கூட்டி வேலையை ஓட்டிய வெளியுறவு அமைச்சர் லான்சிங் 1920 பிப்ரவரியில் பதவி விலக வேண்டியதாயிற்று. ஐ.நா.வுக்கு முன்னோடியான உலக நாடுகள் சங்கத்தில் அமெரிக்கா சேருமா என்ற விவாதம் உச்சத்தில் இருந்த மாதங்கள் அவை. அதில் சேர்வதற்கான ஒப்பந்தம் செனட்டில் இருமுறை தோற்றது. படுக்கையில் இருந்த மனிதர் இன்னும் கொஞ்சம் வளைந்து கொடுத்திருப்பாரா என்று இன்றும் வரலாற்றாசிரியர்கள் கேட்கிறார்கள்.

இதில் ஒரு விஷயம் என் தொழிலோடு தொடர்புடையது. இடப்பக்கம் செயலிழந்தது என்றால் அடிபட்டது மூளையின் வலப்பக்கம். அப்படி அடிபட்டவர்களில் பலருக்குத் தமக்குக் குறை இருப்பதே தெரியாது. பொய் சொல்கிறார்கள் என்று நினைக்கக் கூடாது. குறையை அறிகிற இடமே அடிபட்டிருக்கிறது. வில்சன் அதே 1920-இல் மூன்றாவது முறை போட்டியிடும் நினைப்போடு இருந்தார். "தகுதி இல்லையென்றால் அவரே விலகட்டுமே" என்று வெளியே சுலபமாகச் சொல்கிறோம். விலக வேண்டும் என்று தோன்றுவதற்கே அந்த மூளை வேண்டும்.

சரி, சோதனை வைத்துக் கண்டுபிடிக்கலாமே? 2018 ஜனவரியில் அன்றைய அமெரிக்க அதிபர் 30 மதிப்பெண் சோதனை ஒன்றில் 30 வாங்கியதாக அவருடைய மருத்துவர் அறிவித்தார். கடிகாரம் வரைவதும் அந்தச் சோதனையில் உண்டு. அப்போது எனக்குத் தெரிந்தவர்களெல்லாம் தொலைபேசியில் அழைத்து, இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார்கள். மறதி நோய் தொடங்கியிருக்கிறதா என்று வலைவீசிப் பார்ப்பதற்கான சோதனை அது, அவ்வளவுதான். கோபத்தில் உத்தரவு போடுவாரா, கெட்ட செய்தி கொண்டுவந்தவரை வெளியே துரத்துவாரா என்றெல்லாம் அந்தத் தாள் சொல்லாது. நினைவு பழுதில்லாமல் இருக்க, நிதானம் மட்டும் கரைந்துபோகிற நோயும் உண்டு. அதில் சிலர் ஆரம்பத்தில் முழு மதிப்பெண்ணும் வாங்கிவிட்டுப் போவார்கள். அவர்களோடு பத்து நாள் வேலை பார்த்தவருக்குத் தெரிவது எனக்கு ஒரு மணி நேரத்தில் தெரியாது.

வேலையில் சேர்ந்த புதிதில், இதையெல்லாம் மருத்துவர்கள் கையில் கொடுத்துவிட வேண்டும் என்று அடித்துப் பேசுவேன். துனீசியாவின் கதை அந்தப் பேச்சை நிறுத்தியது. 1987 நவம்பர் 7. விடுதலைக்குப் பிறகு முப்பது ஆண்டுகள் நாட்டை ஆண்ட ஹபீப் பூர்கிபா நிஜமாகவே முதுமையில் தளர்ந்திருந்தார், யாரும் மறுக்கவில்லை. பிரதமர் பென் அலி இரவோடிரவாக ஏழு மருத்துவர்களை வரவழைத்து, அதிபரால் கடமையாற்ற இயலாது என்று கையெழுத்து வாங்கினார். நோயாளியைப் பரிசோதித்துவிட்டு எழுதிய சான்று அல்ல அது. காலையில் வானொலியில் புது அதிபரின் குரல். பென் அலி 2011 ஜனவரி வரை, இருபத்து மூன்று ஆண்டுகள் அந்த நாற்காலியில் இருந்தார். பூர்கிபா வீட்டுக்காவலில் 2000 வரை உயிரோடிருந்தார்.

அதற்கும் நூறு ஆண்டுகளுக்கு முன், ஜெர்மனியின் பவேரியாவில், மன்னர் இரண்டாம் லுட்விக்கையும் இப்படித்தான் இறக்கினார்கள். 1886-இல் குட்டன் என்ற புகழ்பெற்ற மனநல மருத்துவரும் மற்ற மூவரும், மன்னரைப் பரிசோதிக்காமலே, பெரும்பாலும் வேலைக்காரர்களின் வாக்குமூலங்களை வைத்து, குணமாகாத மனநோய் என்று எழுதிக் கொடுத்தார்கள். சில நாட்களில் மன்னரும் குட்டனும் ஸ்டார்ன்பெர்க் ஏரியில் பிணமாகக் கிடந்தார்கள். எப்படி என்பது இன்றுவரை தீரவில்லை. ஈக்வடோரில் 1997-இல் மருத்துவரே தேவைப்படவில்லை. அதிபர் புக்காராமுக்கு 'மனத்தகுதி இல்லை' என்று நாடாளுமன்றம் 44-க்கு 34 என்று வாக்களித்து அனுப்பிவிட்டது. முறையான பதவிநீக்க விசாரணை என்றால் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும், இதற்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும் என்று கணக்குப் போட்டார்கள்.

இதோடு சேர்த்து ஒன்று சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் என்னிடம் வரும் பாதிப் பேருக்கு அநியாயம் செய்ததாகிவிடும். மனநோய் வேறு, தகுதியின்மை வேறு. 1998-இல் நார்வேயின் பிரதமர் பூந்தேவிக், தனக்கு மனச்சோர்வு என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு மூன்று வாரம் போல விடுப்பில் போனார். இடைப்பட்ட நாட்களில் ஒரு பெண் அமைச்சர் பொறுப்பைப் பார்த்துக்கொண்டார். பூந்தேவிக் திரும்பி வந்து வேலையைத் தொடர்ந்தார், 2001-இல் மறுபடியும் பிரதமரானார். நோயைச் சொன்னால் நாற்காலி போகாது என்று தெரிந்த இடத்தில் மறைக்க அவசியம் இருக்கவில்லை.

அமெரிக்கர்கள் 1967-இல் இருபத்தைந்தாம் திருத்தம் கொண்டுவந்தார்கள். அதிபரால் இயலவில்லை என்று துணை அதிபரும் அமைச்சரவையின் பெரும்பான்மையும் எழுதிக் கொடுக்கலாம். அதிபர் மறுத்தால், இரு அவைகளும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கில் தீர்மானிக்க வேண்டும். அதிபரின் விருப்பத்துக்கு மாறாகச் செயல்படும் இந்தப் பிரிவை இதுவரை ஒருமுறைகூட யாரும் பயன்படுத்தவில்லை. மருத்துவர்களிடம் கொடுக்காமல் கூட வேலை செய்கிறவர்களிடம் கொடுத்தது நியாயமே, அவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் அவர்கள் யார்? அதிபரே தேர்ந்தெடுத்த ஆட்கள், அவரால் வாழ்கிறவர்கள். என் அறைக்கு வந்த அந்தச் செயலாளரை நினைத்துக்கொள்வேன். கெட்டவர் இல்லை. தன் முதலாளியின் மானத்தை இரண்டு வருடமாகத் தோளில் சுமந்தவர். கூடவே, தலைவர் இல்லையென்றால் மறுநாளே யாருமில்லாமல் ஆகிவிடுகிறவர்.

நானும் கிரேசனைவிட ஒன்றும் பெரிதாகச் செய்துவிடவில்லை. என் அறிக்கை நோயாளிக்குத்தான் சொந்தம், நிறுவனத்தின் இயக்குநர்களுக்கு அனுப்ப எனக்கு உரிமை கிடையாது. பெரிய முடிவுகளைத் தனியாக எடுக்க வேண்டாம், குடும்பத்தோடு பேசுங்கள், ஒரு வருடத்தில் மறுபடி வாருங்கள் என்று எழுதினேன். அவர் உறையை வாங்கிப் பிரிக்காமலே செயலாளரிடம் நீட்டினார்.

ஒரு வருடம் கழித்து இருவரும் வந்தார்கள். தலைவர் இளைத்திருந்தார், சிரிப்பு மட்டும் அப்படியே. இந்த முறை செயலாளர் கேட்காமலே வெளியே போய் உட்கார்ந்துகொண்டார். அதுவே எனக்கு வினோதமாக இருந்தது. தாளை வைத்தேன். மறுமுறை வருகிறவர்களுக்கு நேரத்தை மாற்றிச் சொல்வது வழக்கம். "முள் எட்டு இருபதைக் காட்டணும் சார்" என்றேன்.

தலையாட்டினார். நிதானமாக வட்டம் போட்டார், எண்களைப் போட்டார். சிறிய முள்ளை 11-இல் வைத்தார். பெரிய முள்ளைக் கொஞ்சமும் தயங்காமல் 2-க்கு இழுத்தார். பென்சிலை வைத்துவிட்டு, பாடம் ஒப்பித்து முடித்த பிள்ளை மாதிரி கதவைப் பார்த்தார்.