வாரண்ட் இல்லாம வந்த போலீசும் அப்பத்தா உருளியும்

போன ஐப்பசியில ஒருநாள் பொழுதுசாயுற நேரம், எஸ்.ஐ.யும் மூணு போலீசும் எங்க வீட்டு முகப்புல வந்து நின்னாக. அடுத்த தெருவுல பூட்டிக்கெடந்த வீட்டுல வெங்கலச் சாமான் களவு போயிருச்சாம், எங்க வீட்டுப் பின்கட்டான மூணாங்கட்டுக்கு வெள்ளையடிக்க வந்தவன் மேல சந்தேகமாம், ராத்திரிக்குள்ள சாமான் பழைய கடைக்குப் போயிரும் வாரண்டுக்கு நேரமில்லன்னாக.

நான் குதிச்சேன். காரைக்குடியில வக்கீலா இருக்குற மாமாவுக்கு போன் போட்டா அவுக என்னையத்தான் வஞ்சாக. "மறிக்காத மாப்ள, தாமதமானா பொருள் கெடைக்காதுன்னு நம்ப காரணம் இருந்தா தேடலாம், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல 165, இப்ப அதுக்குப் பதிலா வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்துல 185. ஆனா என்ன தேடுறோம், ஏன்னு முன்னாடியே எழுதியிருக்கணும், அதைக் கேளு. வீடியோ எடுக்கச் சொல்லு."

கேட்டேன். எஸ்.ஐ. மூஞ்சி சுருங்குச்சு, ஆனா எழுதிட்டுத்தான் உள்ள வந்தாக. சாட்சிக்கு அவுக டிரைவரையே காட்டுனாக (அதெல்லாம் ஆகாது, அந்தப் பகுதி ஆளுக ரெண்டு பேரு வேணும்), எதிர்வீட்டு அண்ணனையும் பால்காரரையும் கூப்பிட்டேன். சென்னையில இருக்குற பங்காளியோட அறையும் பூட்டியிருந்துச்சு, தொறக்கலன்னா ஒடைக்கவும் சட்டத்துல வழியிருக்கு, அவன் வீடியோ கால்ல சாவி இருக்குற எடத்தச் சொன்னதால பர்மா தேக்குக் கதவு தப்பிச்சுது.

களவுச் சாமான் ஒண்ணும் கெடைக்கல. ஆனா அப்பத்தாவோட வெங்கல உருளியத் தூக்கிட்டாக! அப்பத்தா அழுதுருச்சு, எஸ்.ஐ. "ஆச்சி, விசாரிச்சுத் தந்துருவோம்"னாரு. எடுத்த சாமான் லிஸ்டுல சாட்சிக கையெழுத்து வாங்கி ஒரு காப்பி எங்களுக்கும் வாங்கிக்கிட்டேன், அதை மட்டும் விட்டுறாதீக.

அவுக எழுதுனது 48 மணிநேரத்துக்குள்ள மேஜிஸ்திரேட்டுக்குப் போயிரணும், வீட்டுக்காரக மனு போட்டா காசில்லாம காப்பி தருவாக. அதுலதான் எங்க வேலையே முடிஞ்சுது. களவுபோன உருளியில வெட்டியிருந்த விலாசம்னு (சொந்தக்காரக பேரோட முதலெழுத்துக) அதுல எழுதியிருந்தது வேற எழுத்து, எங்க உருளி அடியில இருந்தது ஐயாவோட விலாசம். நம்ம பக்கம் கரண்டிக்குக்கூட விலாசம் வெட்டுறத வெளியூர்க்காரவுக கேலி பண்ணுவாக, பண்ணட்டும்.

ரெண்டையும் போட்டோவோட வச்சு மாமா மனுப் போட்டாக. மூணு வாய்தா, அலைச்சல், பொங்கலுக்கு முன்னாடி உருளி வீடு வந்துருச்சு. கேஸ் முடியுறவரைக்கும் விக்கக்கூடாது, கேட்டா கொண்டாரணும்னு எழுதி வாங்குனாக. அப்பத்தாகிட்டச் சொன்னேன்.

"நாம என்னைக்குடா வித்தோம்"னுட்டு புளி எடுத்து வெளக்க ஒக்காந்துருச்சு.