கை வைக்காத கவுன்: என் பின்னல் டைரி

ஜூன் 2

அக்கா பொண்ணுக்கு ரெண்டு வயசு முடிய இன்னும் ஒரு மாசம்தான் இருக்கு, அதுக்குள்ள ஊசியில பின்னி ஒரு கை வைக்காத கவுன் குடுக்கணும்னு இன்னிக்கு அளவு எடுத்தாச்சு. நிக்க வெச்சு எடுக்கவே முடியல, ஓடிக்கிட்டே இருந்தா. கடைசியில அக்கா மடியில உக்காந்து படம் பாத்துக்கிட்டு இருந்தப்ப மெதுவா டேப்பை சுத்திட்டேன். மார்பு சுத்தளவு 53 செ.மீ., அக்குள்ல இருந்து முட்டிக்கு கொஞ்சம் மேல வரைக்கும் 31, தோள்ல இருந்து அக்குள் வரைக்கும் தளர்வா 12. தலையையும் சுத்திப் பாத்தேன், 48. கவுனுக்கு தலை அளவு எதுக்குன்னு அக்கா கேட்டா, சும்மா எழுதி வெச்சேன். இவளுக்கு எதையும் தலை வழியா மாட்டவே கூடாது, முகம் துணியில மறைஞ்ச உடனே பயந்து ஒரே அழுகை.

ஜூன் 3

நூல் காட்டனும் அக்ரிலிக்கும் கலந்தது, டிகே தடிமன் (ரொம்ப மெல்லிசும் இல்ல, ரொம்ப தடியும் இல்ல), ஊசி 4 மி.மீ. கம்பளி எனக்கு ரொம்ப பிடிக்கும் ஆனா உள்ள எதுவும் போடாம நேரா தோல்ல படுற உடுப்பு இது, கழுத்துல உறுத்துச்சுன்னா குழந்தைக்கு சொல்லத் தெரியாது, இழுத்து இழுத்துதான் காட்டும். 50 கிராம் உருண்டை மூணு போதும்னு கணக்கு வருது, நாலா எடுத்து வெச்சிருக்கேன், நாலுமே ஒரே லாட் நம்பர், அதாவது ஒரே தடவையில சாயம் போட்டது. பாதியில தீர்ந்து வேற லாட்ல வாங்கினா கலர் லேசா மாறி நடுவுல ஒரு கோடு தெரியும்.

ஜூன் 4

ஸ்வாட்ச், அதாவது அளவு பாக்க ஒரு சின்ன மாதிரி துண்டு போட்டேன், 30 ஸ்டிட்ச் (ஊசியில நிக்கற கண்ணி), 40 வரிசை. துவைக்கறதுக்கு முன்னாடி 10 செ.மீ.ல 23 ஸ்டிட்ச், 30 வரிசை. துவைச்சு காயவெச்சு அளந்தா 22, 28. காட்டன் கலந்தா இப்படித்தான் தண்ணி பட்டதும் கொஞ்சம் இறங்கும். துவைக்காத அளவை நம்பி ஆரம்பிச்சிருந்தா முதல் துவையல்லயே கவுன் ரெண்டு செ.மீ.க்கு மேல நீண்டு போயிருக்கும். ஒரு சாயங்காலம் இதுக்கே போயிடுச்சு, பரவாயில்ல.

கணக்கு: மார்பு 53, தளர்வுக்கு 5 சேர்த்து 58, அதுக்கு 128 ஸ்டிட்ச். கீழ விளிம்பு 80 செ.மீ. இருந்தா ஓடறதுக்கு வசதியா இருக்கும், அதுக்கு 176. நடுவுல 48 குறைக்கணும், சுத்துக்கு 8 வீதம் ஆறு தடவை. அழகா வகுபட்டுச்சு, சந்தோஷமா இருந்துச்சு.

ஜூன் 6

நேத்து ராத்திரி சர்குலர் ஊசியில (ரெண்டு ஊசி முனையை நடுவுல ஒரு கேபிள் சேத்திருக்கும்) 176 ஸ்டிட்ச் ஏத்தி சுத்தா சேத்து பின்ன ஆரம்பிச்சேன், இன்னிக்கு அஞ்சாவது சுத்துல கீழ வெச்சுப் பாத்தா முழுசும் ஒரு முறுக்கு முறுக்கிக்கிட்டு இருக்கு. சேக்கும்போது விளிம்பு எல்லாம் ஊசிக்கு கீழ ஒரே பக்கமா தொங்குதான்னு நான் பாக்கல. இத்தனை சுத்து போனப்புறம் இதை நேராக்க வழியே கிடையாது, பிரிச்சே ஆகணும். பிரிச்சுட்டேன். ரெண்டாவது தடவை மேஜை மேல பரப்பி, ஒவ்வொரு இடமா விரலால தடவிப் பாத்துட்டுதான் சேத்தேன்.

விளிம்புக்கு ஆறு சுத்து கார்டர், அதாவது ஒரு சுத்து நிட் (நேர் பின்னல்) ஒரு சுத்து பர்ல் (அதையே திருப்பிப் போடறது). நேரா வெறும் நிட்ல ஆரம்பிச்சா விளிம்பு மேல சுருண்டுக்கும், எவ்வளவு இஸ்திரி போட்டாலும் திரும்ப சுருளும்.

ஜூன் 17

பாவாடை பாகம் முடிஞ்சுது, 87 சுத்து. எழுத பெருசா ஒண்ணுமில்ல, பன்னெண்டு சுத்துக்கு ஒரு தடவை குறைச்சேன். முதல் தடவை 20 நிட் போட்டு அடுத்த ரெண்டை ஒண்ணா சேக்கறது, அதையே எட்டு தடவை, அடுத்த முறை 19 போட்டு, அப்புறம் 18, இப்படி 15 வரைக்கும். எல்லா குறைப்பும் ஒண்ணுக்கு மேல ஒண்ணு வர்றதால எட்டு சாய்ந்த கோடு மேல இருந்து கீழ விரியுது, எனக்கு இந்த கவுன்ல ரொம்ப பிடிச்சதே அதுதான்.

ஜூன் 21

முன்பக்கம் 64, பின்பக்கம் 64னு பிரிச்சு ஒண்ணை வேற கலர் நூல்ல கோத்து வெச்சுட்டு இன்னொண்ணை மட்டும் திருப்பித் திருப்பி பின்னினேன். அக்குள்ல ரெண்டு பக்கமும் நாலு நாலு ஸ்டிட்ச் மூடி, அதாவது பிரியாம முடிச்சு விட்டு, அப்புறம் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை நாலு தடவை குறைச்சா 48 நிக்குது, 22 செ.மீ., ரெண்டு வயசு தோளுக்கு சரியா இருக்கு. முன் கழுத்துக்கு நடுவுல 16 மூடி, ரெண்டு பக்கமும் நாலு நாலு குறைச்சா தோளுக்கு 12, 12 மிச்சம்.

ஜூன் 24

தோள் ரெண்டையும் மூணு ஊசி வெச்சு ஒண்ணா மூடிட்டேன், பாக்க ரொம்ப அழகா இருந்துச்சு. அப்புறம்தான் கழுத்து சுத்தி நூல் வெச்சு அளந்தேன். 31 செ.மீ. நல்லா இழுத்தா 41. தலை 48! அகலம் 11 இருந்தா போதும்னு கணக்குல மட்டும் பாத்திருக்கேன், சுத்தளவு பாக்கல. எழுதி வெச்ச அளவு முதல் பக்கத்துலயே இருக்கு.

கழுத்தை இன்னும் இறக்கினா தோள்ல நிக்காம நழுவும். ஒரு தோள்ல மட்டும் பட்டன் வெக்கலாம்னு தோணுச்சு, அப்பவும் தலை வழியாத்தானே போடணும், அழத்தானே போறா. ரெண்டு தோளையும் திறந்து விட்டா? மேல 58 செ.மீ. முழுசா திறந்துடும், கால் வழியா ஏத்திடலாம், முகத்துக்குப் பக்கத்துலயே வராது. ராத்திரி பதினோரு மணிக்கு இது தோணினதும் உடனே ரெண்டு தோளையும் பிரிச்சேன்.

ஜூன் 26

பின் தோள் ரெண்டுலயும் கார்டர்ல 8 வரிசை, அடியில போற பட்டை. முன் தோள்ல 6 வரிசை, அதுல மூணாவது வரிசையில பட்டன் துளை: 2 நிட், ஊசியில நூலை ஒரு சுத்து சுத்தி (அதுல விழற ஓட்டைதான் துளை) ரெண்டை ஒண்ணா, 4 நிட், நூல் சுத்தி ரெண்டை ஒண்ணா, 2 நிட். 12 ஸ்டிட்ச்சும் சரியா முடிஞ்சுது. பின் பட்டை நீளமா இருக்கறதால அவ வளந்தப்புறம் பட்டனை இன்னும் மேல தள்ளி தைச்சுக்கலாம், இந்த வயசுல மார்பு கொஞ்சமாத்தான் ஏறும், உயரம்தான் கிடுகிடுன்னு போகும்.

ஜூன் 29

கழுத்துக்கும் கை ஓரத்துக்கும் நாலு வரிசைக்கு மூணு ஸ்டிட்ச் எடுத்து மூணு வரிசை கார்டர், மூடும்போது 4.5 ஊசி. மெல்லிய ஊசியில இறுக்கி மூடினா அக்குள்ல அறுக்கும். பட்டன் நாலு, 12 மி.மீ., வாயில வெச்சு கடிப்பான்னு நூலை இரட்டையா கோத்து பின்னாடி பல முடிச்சு போட்டு, ஒவ்வொண்ணையும் பலமா இழுத்துப் பாத்தேன். பாவாடை உள்பக்கம் நூல் முனை எல்லாத்தையும் சொருகிட்டேன், விரல் மாட்டக்கூடாது. ஈரமா அளவுக்கு பரப்பி வெச்சிருக்கேன், தொங்க விடல, தொங்கினா காட்டன் இழுத்துக்கும்.

ஜூலை 1

தரையில வட்டமா விரிச்சு வெச்சேன், அவளே ஒரு கால் வெச்சா, என் தோளைப் பிடிச்சுக்கிட்டு இன்னொரு காலும் வெச்சா. மேல ஏத்தி நாலு பட்டனும் போட்டாச்சு. அழல. அக்கா என்னையே பாத்துக்கிட்டு இருந்தா. நீளம் முட்டிக்கு மேல ரெண்டு விரல், குனிஞ்சா அக்குள் இழுக்கல. அவ சுத்திக்கிட்டே இருந்தா, அந்த எட்டு கோடும் விரிஞ்சு விரிஞ்சு வந்துச்சு. அப்புறம் உக்காந்து இடது தோள் பட்டனை விரலால திருகிக்கிட்டே இருந்தா, அது லேசா தளந்திருக்கு, நாளைக்கு திரும்ப தைக்கணும்.