பழைய கார் வந்ததும் பிரிக்க ஆரம்பிக்காதீர்கள்

முதல் பழைய காரைப் புதுப்பிக்க எடுப்பவர்கள் பெரும்பாலும் சறுக்குவது ஒரே இடத்தில்தான். வண்டி வந்த வாரமே சீட், டேஷ்போர்டு, இன்ஜின் என்று எல்லாவற்றையும் கழற்றிக் குவித்துவிடுவார்கள். ஆறு மாதம் போனால் எந்த போல்ட் எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது, ஆர்வமும் வற்றிவிடும். முழுசாக நிற்கிற வண்டியில்தான் எது கெட்டிருக்கிறது, எது தேறும் என்று சோதிக்க முடியும். முதலில் துருவைப் பாருங்கள். பிறகு இன்ஜின், பிரேக், வயரிங். பெயிண்ட் கடைசி.

துருதான் பணத்தையும் நேரத்தையும் விழுங்கும். ஒரு சிறு காந்தத்தில் மெல்லிய துணியைச் சுற்றி, கதவுக்குக் கீழே ஓடும் சில் தகடு, சக்கர வளைவுகள், முன் கண்ணாடியின் கீழ் ஓரம் ஆகிய இடங்களில் நகர்த்துங்கள். இரும்புத் தகட்டில் காந்தம் பிடிக்காத இடத்தில் உள்ளே பட்டி பூசியிருக்கிறார்கள் என்று பொருள். தரை விரிப்பைத் தூக்கிவிட்டு, சந்தேகமான இடத்தை ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் தட்டுங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும், அரித்த தகடு மொத்தென்று கேட்கும். தனி சேசிஸ், அதாவது அடிச்சட்டம், இல்லாத வண்டிகளில் அந்த சில் தகடுதான் வண்டியின் எடையைத் தாங்குகிறது. ஜாக்கி வைத்துத் தூக்கும்போது கதவு இடித்தாலோ மூட மறுத்தாலோ வண்டியின் உடம்பே வளைகிறது என்று பொருள். அதைச் சரிசெய்வது முதல்முறை செய்பவரின் வேலை இல்லை, அனுபவமுள்ள வெல்டரிடம் விடுங்கள்.

வருடக்கணக்காக நின்ற இன்ஜினை, பேட்டரி மாட்டிச் சாவி திருப்பிப் பார்க்க எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். வேண்டாம். சிலிண்டர் சுவர் காய்ந்து, பிஸ்டன் ரிங் துருவில் ஒட்டியிருக்கலாம். வால்வு ஒன்று சிக்கியிருந்தால் அதைத் தள்ளித் திறக்கும் கம்பியான புஷ்ராட் வளைந்துவிடும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் 10 மில்லி இன்ஜின் ஆயில் விட்டு ஒரு நாள் ஊறவிடுங்கள். கியரை நியூட்ரலில் வைத்து, இன்ஜின் முன்பக்கம் பெல்ட் ஓடும் கிராங்க் புல்லியின் போல்ட்டில் ஸ்பானர் போட்டுக் கையால் முழுசாக இரண்டு சுற்று சுற்றுங்கள். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் எல்லா வால்வும் ஒருமுறை திறந்து மூட அந்த இரண்டு சுற்று வேண்டும். அசையாவிட்டால் நீளக் குழாய் மாட்டி நெம்பாதீர்கள். ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் அசிட்டோனும் சரிபாதி கலந்து ஊற்றி, சில நாள் பொறுத்து, முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டுங்கள். அசிட்டோன் ஆவி சட்டெனத் தீப்பிடிக்கும், அருகில் நெருப்பு ஆகாது.

சுற்ற ஆரம்பித்ததும் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். பிளக்குக்கு மின்பொறி தரும் இக்னிஷன் காயிலுக்குப் போகும் வயரைக் கழற்றிவிட்டு, பிளக் இல்லாமலே பத்துப் பத்து விநாடியாக ஸ்டார்ட்டரைச் சுழற்றினால் ஆயில் பிரஷர் ஏறும். டேங்கில் கிடக்கும் பழைய பெட்ரோல் பிசினாகியிருக்கும், அதை கார்புரேட்டருக்கு அனுப்பவே கூடாது. முதல் ஓட்டத்துக்குத் தனி கேனில் புதுப் பெட்ரோல் வையுங்கள், பக்கத்திலேயே தீயணைப்பான். பழைய ரப்பர் பெட்ரோல் குழாய்களை எத்தனால் கலந்த பெட்ரோல் கரைத்துவிடும், எத்தனால் தாங்கும் குழாயாக மாற்றுங்கள். பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துத் தரும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் பாயிண்டின் இடைவெளி பல வண்டிகளில் 0.4 மில்லிமீட்டர் ஒட்டி இருக்கும். சரியான அளவை உங்கள் வண்டியின் மேனுவலில் பார்த்து வையுங்கள்.

இன்ஜின் பேசிவிட்டால் உடனே ஓட்டிப் பார்க்கத் தோன்றும். அதற்கு முன் பிரேக். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும், அந்த ஈரம் சக்கரத்தில் பிரேக்கைத் தள்ளும் வீல் சிலிண்டரை உள்ளிருந்து அரிக்கும். பிரேக் ஆயில் போகும் ரப்பர் ஹோஸ் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்சுவர் வீங்கியிருக்கலாம். மிதிக்கும்போது ஆயில் போகும், விட்டால் திரும்பாது, அந்தச் சக்கரம் மட்டும் பிடித்துக்கொண்டு சூடாகும். அதனால் எல்லா ஹோஸையும் யோசிக்காமல் மாற்றுங்கள். ரப்பர் சீல்களை பெட்ரோலில் கழுவினால் ஊதிவிடும், புது பிரேக் ஆயிலில் மட்டும் துடையுங்கள். டாட் 4 வகை பிரேக் ஆயில் உள்ள சிஸ்டத்தில் சிலிக்கான் வகையான டாட் 5 ஆயிலைக் கலக்கவே கூடாது. பிரேக் டிரம்மில் இருக்கும் தூசியை ஊதாதீர்கள். பழைய பிரேக் லைனிங்கில் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், முகக்கவசம் போட்டு ஈரத்துணியால் எடுங்கள். எல்லாம் மாட்டியபின் பெடலை ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். வெளியே எங்கும் ஒழுகாமலே மெல்லக் கீழிறங்கினால் பெடல் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் சீல் போயிருக்கிறது.

வயரிங்கில் ஒரே ஒரு எச்சரிக்கை. 1960களின் நடுப்பகுதி வரை வந்த பல பிரிட்டிஷ் கார்களில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு எர்த் ஆகியிருக்கும். பார்க்காமல் மாற்றி மாட்டினால் புதிதாகப் போட்ட ரேடியோவும் ஆல்டர்னேட்டரும் அங்கேயே போகும்.

பிரித்தே ஆகவேண்டிய இடத்தில் ஒரு நேரத்தில் ஒரு பகுதியை மட்டும் பிரியுங்கள். வண்டிக்கு அடியில் போகுமுன் ஜாக்கியை நம்பாமல் ஆக்சில் ஸ்டாண்ட் என்னும் இரும்புத் தாங்கியில் நிறுத்துங்கள். கழற்றுமுன் நான்கு பக்கமிருந்தும் படம், போல்ட்டுக்குத் தனிப் பை, பைமேல் இடத்தின் பெயர். புது பாகம் மாட்டி ஓட்டிப் பார்க்கும் வரை பழையதை எறியாதீர்கள். இப்போது தயாராகும் மாற்றுப் பாகங்களில் துளை ஒரு மில்லிமீட்டர் தள்ளி வருவது சகஜம். அப்போது அளவெடுக்க அந்தத் துருப்பிடித்த துண்டுதான் கையில் இருக்கும்.