பிழைப்பைப் படம் பிடித்தவர்கள்: இத்தாலியப் படக் குறிப்புகள்

மே 4, 2025, ஞாயிறு

'சைக்கிள் திருடர்கள்' (1948) மறுபடியும் பார்த்தேன். இந்தப் படத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கடைசிக் காட்சிக்குத்தான் ஓடுகிறார்கள். என்னைப் பிடித்து நிறுத்துவது ஆரம்பத்தில் வரும் அடகுக்கடை.

அந்தோனியோவுக்கு நெடுநாள் கழித்து போஸ்டர் ஒட்டும் வேலை கிடைக்கிறது. சொந்த சைக்கிள் இருந்தால்தான் வேலை. சைக்கிளோ அடகில் இருக்கிறது. மனைவி மரியா கட்டிலில் இருக்கும் விரிப்புகளை உருவி மூட்டை கட்டுகிறாள். விரிப்பு இல்லாமல் தூங்க முடியாதா என்ன என்று கேட்கிறாள். கவுண்டரில் பணம் கொடுத்த பிறகு கடை ஆள் ஒருவர் அந்த மூட்டையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகிறார். கேமராவும் பின்னால் போகிறது. அலமாரியில் ஏறுகிறார், இன்னும் ஏறுகிறார், இன்னும். கூரை வரைக்கும் அடுக்கு அடுக்காக மூட்டைகள். ஒவ்வொன்றும் ஒரு வீட்டுக் கட்டிலில் இருந்து வந்தது. ஊரே எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை வசனம் இல்லாமல் இயக்குநர் தெ சிகா சொல்லிவிடுகிறார். போருக்குப் பிந்தைய ரோம் பற்றி நான் படித்த பக்கங்கள் எதுவும் இவ்வளவு தெளிவாக மனதில் பதியவில்லை.

மறுநாள் காலையில் பையன் புரூனோ சைக்கிளைத் துடைக்கிறான். அடகுக்கடையில் வைத்திருந்தபோது நெளிந்திருக்கிறது என்று கண்டுபிடித்து, ஏன் கேட்காமல் வந்தீர்கள் என்று அப்பாவிடம் கோபப்படுகிறான். கிளம்பும்போது திரும்பி வந்து, தூங்கும் குழந்தையின் மேல் வெளிச்சம் படாமல் ஜன்னலைச் சாத்திவிட்டுப் போகிறான். அவனும் வேலைக்குத்தான் போகிறான், பெட்ரோல் பங்குக்கு. இரண்டு நொடியில் முடியும் இந்தச் செய்கைதான் பின்னால் அவன் அழும்போது நம்மை உடைக்கிறது.

அந்தோனியோவாக நடித்த லம்பெர்த்தோ மஜ்ஜொரானி நிஜத்தில் தொழிற்சாலைத் தொழிலாளி. ஹாலிவுட் தயாரிப்பாளர் செல்ஸ்னிக், கேரி கிராண்ட் நடித்தால் பணம் போடுகிறேன் என்றாராம். தெ சிகா மறுத்துவிட்டார். படம் முடிந்து தொழிற்சாலைக்குத் திரும்பிய மஜ்ஜொரானிக்கு அங்கே வேலை நிலைக்கவில்லை என்பதை நினைத்தால் இன்றும் நெஞ்சு கனக்கிறது.

1952ல் இந்தியாவின் முதல் சர்வதேசத் திரைப்பட விழா பம்பாயில் தொடங்கி சென்னைக்கும் வந்தது. இந்தப் படமும் அந்த விழாவில் இருந்தது. சத்யஜித் ராய் அதற்கு முன்பே, 1950ல், லண்டனில் பார்த்துவிட்டார். 'பாதேர் பாஞ்சாலி' எடுக்கும் துணிவு அவருக்கு அங்கிருந்துதான் வந்தது.

மே 10, சனி

'உம்பெர்த்தோ டி' (1952). தெ சிகாவின் படங்களில் எனக்கு ஆகப் பெரியது இதுதான். கதையை எழுதியவர் செசாரே ஸவாத்தினி. 'சைக்கிள் திருடர்கள்' திரைக்கதையிலும் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு. பென்ஷன் பணம் போதாமல் வாடகை கட்ட முடியாத ஒரு முன்னாள் அரசு ஊழியர், அவருடைய நாய் ஃப்ளைக், அந்த வீட்டில் வேலை செய்யும் இளம்பெண் மரியா. அவ்வளவுதான் ஆட்கள்.

மரியா விடிகாலையில் எழுந்து சமையலறைக்கு வரும் காட்சிக்காக மட்டுமே இந்தப் படத்தைப் பார்க்கலாம். தீக்குச்சியைச் சுவரில் உரசிப் பற்றவைக்கிறாள். ஜன்னல் வழியாக, கூரை மேல் நடந்து போகும் பூனையைப் பார்க்கிறாள். சுவரில் ஊரும் எறும்புகளைத் தண்ணீர் விட்டு விரட்டுகிறாள். தன் வயிற்றைப் பார்க்கிறாள். கல்யாணம் ஆகவில்லை, கர்ப்பம், அப்பன் யார் என்று அவளுக்கே உறுதியில்லை. அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்து காப்பிக்கொட்டை அரைக்கிறாள். கண்ணீர் வருகிறது, கை நிற்கவில்லை. எழுந்திருக்காமலே காலை நீட்டி, கட்டைவிரல் நுனியால் கதவைத் தள்ளிச் சாத்துகிறாள்.

கதை ஒரு அங்குலம் நகரவில்லை. ஆனால் ஒரு வேலைக்காரப் பெண்ணின் காலை நேரத்துக்கு, அரசர்களின் போருக்குக் கொடுக்கும் அளவுக்கு நேரம் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு இத்தாலியப் படங்கள் மேல் இருக்கும் மரியாதை முழுக்க இதனால்தான். ஒருவர் வேலை செய்யும் நேரத்தை வெட்டி எறியாமல் பக்கத்தில் நின்று பார்த்தார்கள்.

கிழவர் பிச்சை எடுக்கப் பார்க்கும் இடமும் அப்படித்தான். கையை நீட்டுகிறார். யாரோ காசு போட வந்ததும் சட்டென்று உள்ளங்கையைக் கவிழ்த்து, மழை தூறுகிறதா என்று பார்த்தவர் மாதிரி நிற்கிறார். பிறகு தொப்பியை நாயின் வாயில் கொடுத்துவிட்டுத் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறார். இந்த வேடத்தில் வருபவர் நடிகரே இல்லை. கார்லோ பத்திஸ்தி, ஃப்ளாரன்ஸ் பல்கலைக்கழகத்தில் மொழியியல் பேராசிரியர்.

படம் வந்தபோது அரசுக்குப் பிடிக்கவில்லை. அரசில் சினிமாத் துறையைக் கவனித்துவந்த அந்த்ரியோத்தி, தெ சிகா நாட்டைத் தவறாகக் காட்டுகிறார் என்று பகிரங்கமாகவே எழுதினார். ஓய்வூதியக்காரர்களின் நிலைமையைவிட அதைப் படமெடுத்தவர் பெரிய பிரச்சினையாகத் தெரிந்திருக்கிறார்.

மே 11, ஞாயிறு

இத்தாலியப் படம் என்றால் இயக்குநர் ஃபெலினி எங்கே என்று கேட்பார்கள். 'லா தோல்ச்சே வீத்தா', 'எட்டரை' இரண்டும் பெரிய படங்கள், சந்தேகமே இல்லை. நான் திரும்பத் திரும்பப் போவது 'லா ஸ்த்ராதா'வுக்கு (1954). பத்தாயிரம் லிராவுக்கு ஜெல்சொமினாவை விற்கிறாள் தாய். வாங்கிய வித்தைக்காரன் நெஞ்சில் கட்டிய சங்கிலியை உடைத்துப் பிழைக்கிறவன். அவளுக்கு மேளம் அடிக்கக் கற்றுக்கொடுக்கும்போது, தவறினால் காலில் குச்சியால் அடிக்கிறான். ஜூலியெத்தா மசீனாவின் முகத்தையும் நீனோ ரோத்தாவின் அந்த டிரம்பெட் இசையையும் பற்றி வேறொரு நாள் எழுதுகிறேன்.

மே 18, ஞாயிறு

எர்மான்னோ ஓல்மியின் 'இல் போஸ்தோ' (1961). 'வேலை' என்றுதான் தமிழில் சொல்ல வேண்டும். மிலானுக்குப் பக்கத்து ஊர்ப் பையன் தொமேனிக்கோ பெரிய கம்பெனியில் வேலைக்குப் பரீட்சை எழுதுகிறான். கணக்கு ஒன்று தருகிறார்கள், உட்கார்ந்து எழச் சொல்கிறார்கள், என்னென்னவோ கேள்வி கேட்கிறார்கள். இடைவேளையில், கூடப் பரீட்சை எழுத வந்த பெண்ணோடு காப்பி குடிக்கப் போகிறான். குடித்து முடித்த கப்பை எங்கே வைப்பது என்று இருவருக்கும் தெரியவில்லை. அந்தக் கூச்சத்தை இவ்வளவு அன்போடு படம்பிடித்த இன்னொருவர் யார் என்று யோசித்தேன். யாரும் ஞாபகம் வரவில்லை.

முதலில் எடுபிடி வேலைதான் கிடைக்கிறது. பிறகு ஒரு குமாஸ்தா இறந்துபோகிறார். மேஜை காலியாகிறது. இரவுகளில் அவர் நாவல் எழுதிக்கொண்டிருந்தார் என்பது நமக்குத் தெரியும். டிராயரைக் காலி செய்கிறவர்களுக்கு அது ஒரு காகிதக் கட்டு. தொமேனிக்கோவை அந்த மேஜையில் உட்காரவைத்ததுமே பின்னால் இருக்கும் சீனியர் எதிர்ப்புத் தெரிவிக்கிறார்: நான் எத்தனை வருடமாகக் காத்திருக்கிறேன்! உடனே எல்லோரும் ஒரு மேஜை முன்னால் நகர்கிறார்கள். வெளிச்சம் சரியில்லாத கடைசி மேஜை பையனுக்கு. பிரதி எடுக்கும் இயந்திரம் கடகடவென்று ஓடுகிறது. அவன் முகத்தை ஓல்மி காட்டிக்கொண்டே இருக்கிறார்.

வேலை கிடைத்துவிட்டது என்று வீட்டில் சந்தோஷப்பட்டிருப்பார்கள். அந்தச் சந்தோஷமும் பொய் இல்லை. இரண்டையும் ஒரே நேரத்தில் உணரவைப்பதுதான் இந்தப் படத்தின் பலம். ஓல்மியே எடிசன்வோல்தா என்ற மின்சார நிறுவனத்தில் வேலை பார்த்தவர். அங்கே நிறைய ஆவணப்படங்கள் எடுத்திருக்கிறார். ஆபீஸ் என்பது அவருக்குக் கேள்விப்பட்ட விஷயம் இல்லை. அந்தப் பெண்ணாக நடித்த லொரெதானா தெத்தோவைப் பின்னாளில் அவர் மணந்துகொண்டார்.

மே 25, ஞாயிறு

ஓல்மியை விட மனமில்லாமல் 'மரச்செருப்பு மரம்' (1978). மூன்று மணி நேரத்துக்கு மேல். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில், பெர்காமோ பக்கம், ஒரே பண்ணை வீட்டில் வாழும் குத்தகைக் குடும்பங்கள். விளைச்சலில் மூன்றில் இரண்டு பங்கு நிலச்சுவான்தாருக்கு. நடிப்பவர்கள் எல்லோரும் அந்த வட்டாரத்து விவசாயிகள், பேசுவது அவர்களுடைய வட்டார மொழி. கான் திரைப்பட விழாவில் அதன் உயரிய விருதான தங்கப் பனை கிடைத்தது.

அன்செல்மோ தாத்தா பேத்தியை மட்டும் சேர்த்துக்கொண்டு ரகசியமாகத் தக்காளி போடுகிறார். கோழி எரு போட்டால் சூடு அதிகம், எல்லோருக்கும் முன்னால் காய்த்துவிடும், சந்தையில் முதல் தக்காளிக்கு நல்ல விலை. ஊரில் இப்படி ஒரு தாத்தா இல்லாதவர் யார்? இன்னொரு பக்கம், பள்ளிக்கூடத்துக்கு நடந்துபோகும் பையனின் மரச்செருப்பு உடைகிறது. அப்பா இரவில் நிலச்சுவான்தாரின் மரம் ஒன்றை வெட்டிப் புதுச் செருப்பு செதுக்குகிறார். அதற்கு அந்தக் குடும்பம் கொடுக்கும் விலையைப் பார்த்த பிறகு கொஞ்ச நேரம் யாரோடும் பேசப் பிடிக்கவில்லை.

ஜூன் 2, திங்கள்

1946ல் இதே நாளில்தான் இத்தாலி, மன்னராட்சியா குடியரசா என்று வாக்களித்தது. பெண்கள் வாக்களித்த முதல் தேசியத் தேர்தலும் அதுதான். அதனால் இன்று பௌலா கொர்த்தெல்லேசியின் 'நாளை என்று ஒன்று இருக்கிறது' (2023) பார்த்தேன். இயக்கமும் அவரே, கதாநாயகியும் அவரே. கறுப்பு வெள்ளைப் படம்.

தேலியா காலையில் கண் விழித்ததும் கணவனிடம் அறை வாங்குகிறாள். பிறகு கிளம்பி வீடு வீடாக ஊசி போடுகிறாள், துணி தைக்கிறாள், குடை ரிப்பேர் செய்கிறாள். குடைக் கடைக்குப் புதிதாக வந்த பையனுக்கு இவள்தான் வேலை கற்றுக்கொடுக்கிறாள். அவனுக்கு இவளைவிடக் கூலி அதிகம். ஏன் என்று கேட்டால் பதில்: அவன் ஆண். கிடைப்பதைக் கணவனிடம் கொடுக்கிறாள், கொஞ்சத்தை ஒளித்துவைக்கிறாள். அந்தப் பணம் எதற்கு, அவள் கையில் இருக்கும் கடிதம் என்ன என்பதை நான் சொல்லப்போவதில்லை. அந்த ஆண்டு இத்தாலியில் 'பார்பி'யையே வசூலில் முந்தியது இந்தப் படம்.

எதிலிருந்து ஆரம்பிப்பது என்று கேட்பவர்களுக்கு: 'இல் போஸ்தோ'. ஒன்றரை மணி நேரம்தான். முதல் வேலைக்குப் போன ஞாபகம் உள்ள யாருக்கும் சப்டைட்டில் தடையாக இருக்காது. அடுத்து 'உம்பெர்த்தோ டி', போனை வேறு அறையில் வைத்துவிட்டு.