ஆணியில் தொங்கும் மாலை

எங்கள் வீட்டுச் சாமி அறையில் ஒரு காய்ந்த மாலை தொங்குகிறது. தை மாதம் அம்மா என்னைத் திருவிடந்தைக்குக் கூட்டிப்போனார். நித்திய கல்யாணப் பெருமாளுக்குச் சாத்திய மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கோயிலை ஒன்பது முறை வலம் வந்தேன். கல்யாணம் முடிந்ததும் அதே மாலையோடு ஜோடியாக வர வேண்டும் என்பது அங்கே வழக்கம். ரோஜா இதழெல்லாம் உதிர்ந்துவிட்டது. இப்போது நாரும் கருத்த சம்பங்கிக் காம்புகளும்தான் மிச்சம்.

ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை எனக்குக் கல்யாணம். அப்பா இல்லை. அம்மா, நான், அரக்கோணத்திலிருந்து வாரம் ஒருமுறை வந்துபோகும் மாமா, இந்த மூன்று பேர்தான் எல்லாவற்றையும் பார்க்கிறோம்.

ஐப்பசி என்றதுமே சொந்தக்காரர்கள் கேட்டது மழையைத்தான். நியாயமான பயம். பெரம்பூரில் இருப்பவர்களுக்குத் தெரியும், ஒரு ராத்திரி விடாமல் பெய்தால் கணேசபுரம் சுரங்கப்பாதையை மூடிவிடுவார்கள். 2015 டிசம்பரை இங்கே யாரும் மறக்கவில்லை. அதனால் மண்டபம் பார்க்கப் போனபோது அலங்காரத்தைப் பற்றி நான் கேட்கவே இல்லை. ரோட்டைவிட வாசல் எத்தனை படி உயரம், ஜெனரேட்டர் எங்கே வைத்திருக்கிறார்கள், சமையல்கட்டுக்குள் தண்ணீர் வந்திருக்கிறதா, லிப்ட்டில் பாட்டியின் சக்கர நாற்காலி நுழையுமா, இவைதான் என் கேள்விகள். வாட்ச்மேன் அண்ணனிடம் தனியாகக் கேட்டால் உண்மை தெரியும். அவர் சுவரில் பழைய தண்ணீர்க் கோட்டைக் காட்டிய ஒரு மண்டபத்தை அன்றே விட்டுவிட்டோம். தெருவுக்கு மேலே ஏழு படி இருக்கிற மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்த அன்றைக்குத்தான் அம்மா நன்றாகத் தூங்கினார்.

பத்திரிகை விஷயத்தில் நான் உடைந்துபோனேன். பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் 400 பத்திரிகை அடித்து வாங்கி வந்தோம். கூடத்தில் பாய் விரித்து, கிண்ணத்தில் மஞ்சளைக் குழைத்து, நாலு மூலையிலும் தடவிக்கொண்டிருந்தோம். அம்மாவின் மோதிர விரல் மூலையைத் தொட்டு ஒரு சின்ன வட்டம் போட்டுவிட்டு அடுத்த மூலைக்குப் போகும். நாற்பது பத்திரிகை முடிந்திருக்கும். விரல் நின்றுவிட்டது.

"முகூர்த்தம் ஒன்பதுலேர்ந்து பத்தரைதானே? இதுல பத்தரைக்கு மேல பன்னெண்டுக்குள்ளன்னு போட்டிருக்கே. வெள்ளிக்கிழமை ராகு காலம்டி அது."

ப்ரூஃப் எனக்குத்தான் வாட்ஸ்அப்பில் வந்தது. ஆபீஸ் வேலை முடித்து ராத்திரி பதினொன்றே முக்காலுக்குப் படிக்காமலே சரி என்று அனுப்பியிருந்தேன். தப்பு என்னுடையது. அழுகை வந்துவிட்டது. அம்மா ஒன்றும் சொல்லாமல் மஞ்சள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு மாமாவுக்குப் போன் போட்டார். "அழாத கண்ணு. உள்தாளை மட்டும் வேற அடிச்சாப் போதும். நாளைக்குக் காலைல நான் வந்துடறேன்" என்றார் மாமா. ரெண்டே நாளில் வேலை முடிந்தது.

அன்றைக்கு அழுது ஓய்ந்து சாமி அறையில் உட்கார்ந்தபோது அந்த மாலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இதைத் திருப்பிக் கொண்டுபோகிற நாள் ஒன்று இருக்கிறது, அந்தப் பஸ்ஸில் என் பக்கத்தில் அவர் உட்கார்ந்திருப்பார் என்று தோன்றியது. மண்டபமும் பத்திரிகையும் பந்தியும் அந்த நாளுக்குப் போகிற வழி, அவ்வளவுதான். மூச்சு சீரானது. இப்போதும் மனசு படபடத்தால் அங்கே போய் ஐந்து நிமிஷம் உட்கார்ந்துவிடுகிறேன்.

அதற்குப் பிறகு வீட்டில் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். ராத்திரி ஒன்பதுக்கு மேல் கல்யாணப் பேச்சு கிடையாது. பணம் கொடுக்கிற விஷயமும் அச்சுக்குப் போகிற விஷயமும் காலையில் மட்டும்தான், இரண்டு பேர் படித்துப் பார்த்த பிறகுதான். அவரிடமும் சொல்லிவிட்டேன். ராத்திரிப் போனில் இப்போது வேறு கதை பேசுகிறோம்.

வரவேற்புக்கு என்ன கட்டுவது என்று செல்போனில் நூறு படம் சேர்த்து வைத்திருந்தேன். பார்க்கப் பார்க்கக் குழப்பம்தான் கூடியது. ஒருநாள் அம்மா பீரோவிலிருந்து மல்துணியில் சுற்றிய தன் முகூர்த்தப் புடவையை எடுத்தார். காஞ்சிபுரம், அரக்கு உடலுக்குப் பச்சைக் கரை, கோர்வை. உடலும் கரையும் வேறு வேறு நிறமாகச் சேர்வதால் அந்த நெசவுக்குத் தறியில் இன்னொரு ஆளும் உட்கார வேண்டும் என்று அம்மா சொன்னார். மடிப்பை மாற்றி மாற்றி வைத்துக் காப்பாற்றியதால் ஓர் இழைகூட விடவில்லை. கரையைத் தடவிப் பார்த்தேன். பச்சை அரக்கோடு சேருகிற இடம் விரலுக்குச் சின்னச் சின்னப் பல் மாதிரி தட்டுப்பட்டது. படங்களை எல்லாம் அழித்துவிட்டேன். மேடைக்குப் பூவும் அந்த அரக்கு, பச்சையிலேயே சொல்லியாகிவிட்டது.

புது உள்தாள் வைத்த முதல் பத்திரிகையை மாலைக்குக் கீழே வைத்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு திருவிடந்தைக்கு பஸ் ஏறுகிறோம். மாலை இன்னும் ஆணியிலேயே இருக்கும்.